இருக்கை கொடுத்தார்கள், தேர்வறையைப் பூட்டினார்கள்: பெர்லின், 1888

திருச்சபை வரலாறு சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும் என்று 1887ஆம் ஆண்டின் இறுதியில் பெர்லின் பல்கலைக்கழகத்தின் இறையியல் புலம் கேட்டது. ஆள் யார் என்பதையும் அதுவே சொல்லிவிட்டது. மார்பூர்க்கில் பாடம் நடத்திக்கொண்டிருந்த அடோல்ஃப் ஹார்னாக், வயது 36. சாதாரணமாக இது சில வாரங்களில் முடிகிற காரியம். ஆனால் நியமன ஆணையில் கையெழுத்து விழுந்தது 1888 செப்டம்பர் 17 அன்று. அதற்குள் ஜெர்மனியில் இரண்டு சக்கரவர்த்திகள் இறந்து, மூன்றாமவர் பட்டத்துக்கு வந்திருந்தார். அமைச்சரவை கூடி விவாதித்தது. சான்சலர் பிஸ்மார்க் நேரடியாகத் தலையிட்டார். ஒரு வரலாற்று வாத்தியாருக்காக இவ்வளவா என்று தோன்றும். ஆனால் அந்த ஒன்பது, பத்து மாதங்களில் கிழிந்த தையலை ஜெர்மனி இன்றுவரை அதே நூலால்தான் தைத்துக்கொண்டிருக்கிறது.

'இருக்கை' என்ற சொல் நமக்குப் பழக்கமானது ஹார்வர்டு தமிழ் இருக்கையால். அங்கே கணக்கு தெளிவு: 60 லட்சம் டாலர் திரட்டிக் கொடுத்தால் ஒரு பேராசிரியர் பதவி நிரந்தரமாக நிற்கும், யாரை அமர்த்துவது என்பது பல்கலைக்கழகத்தின் வேலை. பணம் கொடுத்தவர் பெயரைப் பரிந்துரைக்க முடியாது. பெர்லின் இருக்கைக்கோ சொந்தக்காரர்கள் மூன்று பேர். சம்பளம் கொடுப்பது அரசு. ஆளைத் தேடுவது புலம். அங்கே படித்து வெளியே வருகிறவர்களைப் போதகர்களாக வைத்துக்கொள்ள வேண்டியது திருச்சபை. மூவருக்கும் ஒரே ஆளைப் பிடித்திருக்கும்வரை இதில் சிக்கல் இல்லை.

இருக்கையின் பூர்வீகம்

பெர்லின் பல்கலைக்கழகம் 1810இல் பாடம் தொடங்கியது. இறையியல் புலத்தின் முதல் தலைவர் ஷ்லையர்மாகர். திருச்சபை வரலாற்றுக்கு 1813இல் வந்தவர் ஆகுஸ்ட் நெயாண்டர். பிறந்தபோது அவர் பெயர் டாவீட் மெண்டல். யூதக் குடும்பத்துப் பிள்ளை. 1806இல் ஞானஸ்நானம் பெற்றபோது வைத்துக்கொண்ட 'நெயாண்டர்' என்பதற்குக் கிரேக்கத்தில் 'புதிய மனிதன்' என்று பொருள். 1850இல் இறக்கும்வரை அவர்தான் அங்கே அந்தப் பாடத்தின் முகம். வரலாறு படிப்பதே பக்தியை வளர்க்கத்தான் என்று நம்பியவர். திருச்சபைக்கு அவரைப் பிடித்திருந்தது, அரசுக்கும் பிடித்திருந்தது.

பிடிக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் அதே புலத்தில் முன்னுதாரணம் இருந்தது. நாடகாசிரியர் கோட்ஸெபுவை 1819இல் கார்ல் ஸாண்ட் என்ற மாணவன் குத்திக் கொன்றான். அவனுடைய தாய்க்கு ஆறுதல் கடிதம் எழுதினார் பெர்லின் இறையியல் பேராசிரியர் டெ வெட்டே. கடிதம் வெளியே வந்தது, வேலை போனது. அந்தக் காலத்தில் பேராசிரியரைத் துரத்தியது திருச்சபை அல்ல, அரசு. 1888இன் கதையில் அரசுதான் பேராசிரியரின் காவலாளி என்பதால் இதை நினைவில் வைப்பது நல்லது. காவலாளி எப்போதும் காவலாளியாக இருந்ததில்லை.

நியமன முறையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். புலம் பெயர் கொடுக்கும். வழிபாடு, கல்வி, மருத்துவம் மூன்றையும் ஒருசேரப் பார்த்த அமைச்சகம் பரிசீலிக்கும். பிரஷ்யாவின் அரசர் கையெழுத்திடுவார்; 1871 முதல் ஜெர்மனியின் சக்கரவர்த்தியும் அவரே. இந்த அரசர் நாட்டுக்கு மட்டும் தலைவரல்ல; பிரஷ்யாவின் புராட்டஸ்டண்ட் திருச்சபைக்கும் அவரே தலைமைப் பேராயர் போன்றவர். 1850இல் திருச்சபை நிர்வாகத்துக்கென்று உயர் திருச்சபை மன்றம் ஒன்று அமைக்கப்பட்டது. இறையியல் பேராசிரியர் நியமனத்தில், ஆளின் கொள்கையும் போதனையும் திருச்சபைக்கு ஒத்துவருமா என்று அந்த மன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும் என 1855இல் அரசாணை வந்தது. கருத்துக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். கேட்டபடி நடக்க வேண்டும் என்று ஆணை சொல்லவில்லை. நம் ஊர் அலுவலகக் கோப்புகளைப் பார்த்தவர்களுக்கு 'கலந்தாலோசித்து' என்ற ஒரு சொல் எத்தனை வழக்குகளைப் பெற்றெடுக்கும் என்பது தெரியும்.

இன்னொரு விசித்திரம். ஹார்னாக் 1886 முதலே பிரஷ்ய அரசின் பேராசிரியர். மார்பூர்க் பிரஷ்யாவில்தான் இருந்தது. ஆனால் அது 1866இல் பிரஷ்யா விழுங்கிய ஹெஸ்ஸன் பகுதி. அந்தப் பகுதியின் திருச்சபை உயர் மன்றத்தின் கீழ் வரவில்லை. அதனால் மார்பூர்க்குக்கு அவரை அனுப்பும்போது மன்றத்தின் கதவைத் தட்ட வேண்டிய அவசியமே எழவில்லை. பெர்லின் பழைய மாகாணம், மன்றத்தின் ஆளுகைக்குள் இருந்தது. அதே மனிதர், அதே புத்தகங்கள், அதே அரசின் சம்பளம். நிர்வாக எல்லைக் கோடு ஒன்றைத் தாண்டியதும் ஆபத்தானவராகிவிட்டார்.

தகப்பனும் மகனும்

ஹார்னாக் பிறந்தது 1851 மே 7, டோர்பாட்டில். இன்று எஸ்தோனியாவில் தார்த்து என்று பெயர், அன்று ரஷ்யப் பேரரசின் பால்டிக் மாகாணம். ஜெர்மன் பேசும் லுத்தரன் குடும்பம். தகப்பனார் தியோடோசியுஸ் ஹார்னாக் அங்கே இறையியல் பேராசிரியர், லுத்தரின் போதனையில் ஒரு எழுத்தும் தளராதவர். கூடப் பிறந்த இரட்டையர் ஆக்ஸெல் கணிதத்துக்குப் போனார். கணிதம் படித்தவர்கள் 'ஹார்னாக் சமனிலி' என்று கேள்விப்பட்டிருந்தால் அது இந்த ஆக்ஸெல்தான். அண்ணன் தம்பி நான்கு பேரும் பேராசிரியர்களான வீடு.

அடோல்ஃப் டோர்பாட்டில் தொடங்கி லைப்சிக்குக்குப் போனார். அதே ஆண்டுகளில் தரங்கம்பாடிக்கும் தஞ்சாவூருக்கும் மிஷனரிகளை அனுப்பிக்கொண்டிருந்த அதே லைப்சிக். 1873இல் ஞானமரபுக் குழுக்களை (இரகசிய ஞானத்தால் மீட்பு என்று நம்பிய ஆதிக்காலக் குழுக்கள், நாஸ்டிக்குகள்) பற்றிய ஆதாரங்களை ஆராய்ந்து முனைவர் பட்டம். 1874 முதல் விரிவுரை. 1879இல் கீசெனில் முழுப் பேராசிரியர். இதற்கிடையே எமில் ஷூரர் 1876இல் தொடங்கிய இறையியல் மதிப்புரை இதழின் ஆசிரியப் பொறுப்பையும் எடுத்துக்கொண்டார். ஐரோப்பாவில் வெளிவந்த புத்தகம் எதுவும் அவர் மேசையைத் தொடாமல் போகவில்லை.

1885 இறுதியில் வெளிவந்தது கோட்பாட்டு வரலாற்று நூலின் முதல் தொகுதி. வாதத்தை ஒரு வரியில் சொல்லலாம்: திருச்சபையின் கோட்பாடு என்பது சுவிசேஷம் என்ற மண்ணில் கிரேக்க அறிவு கட்டிய கட்டடம். திரித்துவம், கிறிஸ்துவின் இரு இயல்புகள் போன்றவை கலிலேயாவில் பேசப்பட்டவை அல்ல. சில நூற்றாண்டுகளில், கிரேக்கத் தத்துவத்தின் சொற்களில் படிப்படியாக உருவானவை. உருவான ஒன்றுக்குப் பிறந்த தேதி உண்டு. பிறந்த தேதி உள்ள ஒன்று என்றென்றைக்குமான உண்மை என்று எப்படிச் சொல்வது?

புத்தகம் கைக்குக் கிடைத்ததும் தகப்பனார் கடிதம் எழுதினார், 1886 ஜனவரியில். உயிர்த்தெழுதலை உன்னைப்போலப் பார்க்கிற ஒருவன் என் கண்ணுக்கு இனிக் கிறிஸ்தவ இறையியலாளன் அல்ல என்பது அதன் சாரம். பெர்லின் மன்றம் இரண்டாண்டுகள் கழித்துப் பக்கம் பக்கமாகச் சொன்னதை அப்பா ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார். இந்தக் கடிதத்தை நான் முக்கியமான சான்றாக எண்ணுகிறேன். ஹார்னாக்கை எதிர்த்தவர்களை எல்லாம் பதவி வெறி பிடித்த மதகுருக்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. பெற்ற தகப்பன், நாள் முழுவதும் புத்தகத்தோடு வாழ்ந்த அறிஞர், அவரும் அதே முடிவுக்குத்தான் வந்தார்.

லைப்சிக் பல்கலைக்கழகம் அவரைத் திரும்ப அழைக்க எண்ணியபோது சாக்ஸனித் திருச்சபை அதிகாரிகள் தடுத்துவிட்டார்கள். ஆக, பெர்லினில் நடந்தது முதல் மோதல் அல்ல.

என்னதான் குற்றம்?

உயர் திருச்சபை மன்றம் மறுப்புத் தெரிவித்தது. காரணங்கள் மூன்று வட்டத்துக்குள் அடங்கும்.

முதலாவது, வேதாகமத் தொகுப்பு. யோவான் சுவிசேஷத்தை அப்போஸ்தலனாகிய யோவானே எழுதினார் என்பதை அவர் ஏற்கவில்லை. எபேசியர் நிருபம் பவுலுடையதா, பேதுருவின் முதல் நிருபம் பேதுருவுடையதா என்பதிலும் அவருக்கு ஐயம். இரண்டாவது, அற்புதங்கள், குறிப்பாக உடலோடு உயிர்த்தெழுதல். மூன்றாவது, ஞானஸ்நானத்தை இயேசுவே ஏற்படுத்தினாரா என்ற கேள்வி. 'பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்திலே' ஞானஸ்நானம் கொடுங்கள் என்று மத்தேயு கடைசி அதிகாரத்தில் வருகிறதே, அது இயேசுவின் வாயிலிருந்து வந்ததாக வரலாற்று முறையில் நிறுவ முடியாது என்பது அவர் நிலை.

இந்த மூன்றில் மன்றத்தை மிகவும் உறுத்தியிருக்க வேண்டியது மூன்றாவது என்று நினைக்கிறேன். முதலாவது அறிஞர்களின் சண்டை. சபையில் உட்கார்ந்திருப்பவருக்கு எட்டாது. இரண்டாவதில் பூசி மெழுக இடம் உண்டு. ஆனால் ஞானஸ்நானம் ஒவ்வொரு போதகரும் கையில் தண்ணீரை எடுத்துச் செய்கிற காரியம். இதை ஆண்டவர் சொல்லவில்லை என்று படித்துவிட்டு வருகிற இளைஞன், குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு எந்த வாயால் அந்தச் சொற்களைச் சொல்வான்?

திருச்சபை வரலாறு மற்ற இறையியல் பாடங்களைக் காட்டிலும் ஆபத்தானதாக இருந்ததும் இதனால்தான். தத்துவம் பேசுகிறவர் கடவுள் இப்படிப்பட்டவர் அல்ல என்றால் எதிர்வாதம் வைக்கலாம். பிரசங்கக் கலை சொல்லித்தருகிறவர் தடம் மாறினால் கண்டிக்கலாம். வரலாற்றுக்காரர் வாதாட வருவதில்லை. 'இந்த வாக்கியம் இன்ன நூற்றாண்டுக்கு முன் எந்தக் கையெழுத்துப் பிரதியிலும் இல்லை' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். பதில் சொல்ல வேண்டுமானால் அதைவிடப் பழைய பிரதியைக் கொண்டுவர வேண்டும். வள்ளுவர் காலம், தொல்காப்பியர் காலம் என்று நாம் போடுகிற சண்டைகளில் சூடு ஏறுவதற்கும் இதுதான் காரணம். தேதி என்பது பார்ப்பதற்கு வெறும் எண். கை வைக்கும்போதுதான் அதன்மேல் யார் யார் வீடு கட்டியிருக்கிறார்கள் என்று தெரியும்.

மன்றத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் இந்த ஆய்வு ஒருதலையாகிவிடும். பிரஷ்யாவில் போதகராக வேண்டுமானால் அரசுப் பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்தாக வேண்டும். திருச்சபை தன் ஊழியர்களைத் தானே பயிற்றுவிக்க முடியாது. பயிற்றுவிப்பவரைத் தேர்ந்தெடுக்கவும் முடியாது. பயிற்சி முடிந்து வருகிறவருக்கு மட்டும் பொறுப்பேற்க வேண்டும். கத்தோலிக்கப் புலங்களில் நிலைமை வேறு. பான், பிரெஸ்லாவ் பல்கலைக்கழகங்களில் ஆயரின் சம்மதத்துக்கு எடை இருந்தது. பிஸ்மார்க் கத்தோலிக்கத் திருச்சபையோடு போட்ட நீண்ட சண்டை 1887 வாக்கில் சமாதானத்தில் முடிந்து, அவர்கள் இழந்ததில் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அவர்களுக்கு உண்டு, எங்களுக்கு இல்லையா என்ற மனத்தாங்கல் புராட்டஸ்டண்ட் பழமைவாதிகளிடம் கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஹார்னாக்கின் பெயர் மேசைக்கு வந்தது.

மூன்று சக்கரவர்த்திகளின் ஆண்டு

அமைச்சர் கோஸ்லர் மன்றத்தின் மறுப்பை ஏற்கவில்லை. அவருக்குப் பின்னால் இருந்தவர் ஃப்ரீட்ரிஷ் அல்தோஃப். 1882இல் அமைச்சகத்துக்கு வந்து 1907வரை பிரஷ்யப் பல்கலைக்கழகங்களின் நியமனங்களைத் தன் விரல்நுனியில் வைத்திருந்த அதிகாரி. அமைச்சர்கள் மாறினார்கள், அல்தோஃப் மாறவில்லை. புலங்கள் கொடுக்கும் பெயரைத் தூக்கி எறியவும் தயங்காதவர். பேராசிரியர்கள் அவரை வெறுத்தார்கள், அவரிடம் போய்க் காத்தும் நின்றார்கள். அவருக்கு வேண்டியது ஜெர்மனியின் ஆகச்சிறந்த ஆட்கள் பெர்லினில் இருப்பது. அவர்களுடைய விசுவாசம் அவர் கவலையில்லை.

கோப்பு அலைந்தது. மார்ச் 9 அன்று முதலாம் வில்ஹெல்ம் இறந்தார். தொண்டைப் புற்றுநோயோடு அரியணை ஏறிய மூன்றாம் ஃப்ரீட்ரிஷ் 99 நாள் ஆண்டு ஜூன் 15 அன்று போய்ச்சேர்ந்தார். அடுத்து வந்த இரண்டாம் வில்ஹெல்முக்கு வயது 29.

இந்த இளைஞரை வைத்துத்தான் பழமைவாதிகள் கணக்குப் போட்டிருந்தார்கள். காரணம் இருந்தது. முந்தைய ஆண்டு நவம்பரில், தளபதி வால்டர்ஸே வீட்டில் நடந்த கூட்டமொன்றில் இளவரசராக இருந்த வில்ஹெல்ம் கலந்துகொண்டு, அரண்மனைப் பிரசங்கி அடோல்ஃப் ஷ்டோக்கரின் நகர மிஷனுக்கு ஆதரவாகப் பேசியிருந்தார். ஷ்டோக்கர் யூத வெறுப்பு அரசியலை மேடையேற்றிய பிரசங்கி. ஹார்னாக் நியமனத்தை எதிர்த்த அணியின் குரல்களில் ஒருவர். இளவரசர் அந்தப் பக்கம் சாய்ந்தது பிஸ்மார்க்குக்குக் கடும் எரிச்சல்.

ஆகவே, பட்டத்துக்கு வந்த மூன்றாவது மாதத்தில் மேசைக்கு வந்த இந்தக் கோப்பு வரலாற்றுப் பேராசிரியரைப் பற்றியது மட்டுமல்ல. புதிய அரசர் யாருடைய ஆள் என்பதற்கான சோதனை. பிஸ்மார்க்குக்கு உயிர்த்தெழுதலைப் பற்றி விவாதிக்க நேரமில்லை. அரசு செய்யும் நியமனத்தில் திருச்சபைக் குழு ஒன்று தடை போடும் உரிமையை எடுத்துக்கொள்வதை அவர் விடமாட்டார். அமைச்சரவை நியமனத்துக்கு ஆதரவாக நின்றது. அரசர் கையெழுத்திட்டார். "பக்திப் பாசாங்குக்காரர்கள் எனக்கு வேண்டாம்" என்று அப்போது சொன்னதாக ஒரு பேச்சு வழங்குகிறது.

இதைக் கல்விச் சுதந்திரத்தின் வெற்றி என்று எழுதுவது வழக்கம். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. புலத்தின் தேர்வு நிலைத்தது, உண்மை. ஆனால் அதை நிலைநிறுத்தியது சான்சலரின் அதிகாரக் கணக்கும் ஓர் இளம் அரசரின் தோரணையும். ஷ்டோக்கரிடமிருந்து விலகி நிற்பது அந்த மாதம் அரசருக்கு லாபமாக இல்லாதிருந்தால் ஹார்னாக் மார்பூர்க்கிலேயே இருந்திருப்பார்.

பூட்டிய அறை

திருச்சபை தோற்றதா? இருக்கையில் தோற்றது. ஆனால் அதன் கையில் இன்னொரு சாவி இருந்தது. பல்கலைக்கழகப் படிப்பு முடிந்ததும் போதகராக வேண்டியவர் திருச்சபை நடத்தும் தேர்வை எழுத வேண்டும். பேராசிரியர்கள் சிலர் அந்தத் தேர்வுக் குழுவில் இருப்பார்கள். ஹார்னாக்கை அதில் சேர்க்கவில்லை, ஒருநாளும் சேர்க்கவில்லை. பெர்லினில் இருந்த நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் அவர் வகுப்பில் உட்கார்ந்து படித்தவர்களைத் திருச்சபைக்காகச் சோதிக்கும் உரிமை அவருக்குக் கிடைக்கவேயில்லை. திருச்சபையில் வேறு எந்த அதிகாரபூர்வப் பொறுப்பும் கிடைக்கவில்லை.

இது அவருக்கு வலித்தது. அவர் தன்னை வெளியாளாக எண்ணவில்லை என்பதுதான் இதில் சிக்கல். வரலாறு காட்டும் உமியை நீக்கினால் உள்ளே சுவிசேஷத்தின் அரிசி மிஞ்சும், அதைத்தான் பிரசங்கிக்க வேண்டும் என்று நம்பிய விசுவாசி. திருச்சபைக்கு வேலை செய்வதாகத்தான் நினைத்தார். சமையற்கட்டில் இரவு பகலாக உழைத்தவரைப் பந்தியில் உட்கார விடாதது போல.

உள்ளே போக ஒரு வாசலும் வெளியே வர வேறொரு வாசலும் வைத்த வீடு போல ஆனது அந்தப் புலம். பாடம் கேட்பது ஒருவரிடம், பதில் எழுதுவது வேறொருவருக்கு. இந்தப் பிளவு நான்கே ஆண்டுகளில் வெடித்தது.

வூர்ட்டெம்பெர்க்கில் கிறிஸ்டோஃப் ஷ்ரெம்ப் என்ற போதகர் ஞானஸ்நான ஆராதனையில் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தைச் சொல்ல மறுத்தார். மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை என்று தன் மேலிடத்துக்கு அவரே எழுதியும் கொடுத்தார். 1892இல் பதவி பறிபோனது. பெர்லின் மாணவர்கள் சிலர் ஹார்னாக்கிடம் வந்து, பிரமாணத்தையே நீக்கச் சொல்லி விண்ணப்பம் போடலாமா என்று கேட்டார்கள்.

நம் சி.எஸ்.ஐ., லுத்தரன் ஆலயங்களில் ஞாயிறுதோறும் சபையே எழுந்து நின்று ஒரே குரலில் சொல்லும் அதே பிரமாணம்தான். மனப்பாடமாக வரும், யோசித்துச் சொல்பவர்கள் குறைவு. பன்னிரண்டு அப்போஸ்தலர்களும் ஆளுக்கொரு வரி சொல்லி உருவாக்கியது என்று இடைக்காலத்தில் ஒரு கதை உலவியது. ஹார்னாக் காட்டிய வரலாறு வேறு. இதன் மூலவடிவம் இரண்டாம் நூற்றாண்டு ரோமாபுரித் திருச்சபையின் ஞானஸ்நான அறிக்கை. இன்று நாம் சொல்லும் முழுப்பாடம் அதற்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியது. இன்றைய பிரான்ஸின் தென்பகுதியில் (அன்றைய 'கால்' நாட்டில்) உருத்திரண்டு மேற்கு எங்கும் பரவியது. 'கன்னி மரியாளிடத்தில்' பிறந்தார் என்ற வரி படித்த கிறிஸ்தவனுக்கு உண்மையான இடறல் என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் விண்ணப்பம் போடாதீர்கள் என்றார். நீக்கச் சொல்வதைவிட, கட்டாயத்தைத் தளர்த்தவும் பக்கத்தில் வேறொரு எளிய அறிக்கையை வைக்கவும் கேட்பது நல்லது என்றார். முதிர்ந்த விசுவாசி அந்தப் பிரமாணத்தின் சாரத்தோடு ஒத்துப்போக முடியும் என்றும் எழுதினார்.

பதில் மிதமானதுதான். அச்சில் வந்ததும் நாடே இரண்டுபட்டது. துண்டறிக்கைகள், போதகர் மாநாடுகள், அரசருக்கு விண்ணப்பங்கள். ஹார்னாக் எழுதிய சிறுநூல் மாதக்கணக்கில் பதிப்பு மேல் பதிப்பாக ஓடியது.

அரசு இப்போது செய்த காரியம் இந்த நிகழ்வின் சுவையான பகுதி. ஹார்னாக்கை நீக்கவில்லை, கண்டிக்கவும் இல்லை. பக்கத்தில் இன்னொரு இருக்கை போட்டது. 1893இல் கிரைஃப்ஸ்வால்டிலிருந்து அடோல்ஃப் ஷ்லாட்டர் பெர்லினுக்கு அழைக்கப்பட்டார். வேதாகமத்தை உறுதியாக நம்பியவர், நல்ல அறிஞர். இப்படி எதிர்ப்பை ஆற்றுவதற்காகப் போடப்படும் பதவிக்கு ஊர் ஒரு பெயர் வைத்தது: 'தண்டனைப் பேராசிரியர்'. தண்டனை யாருக்கு என்பதுதான் விளங்கவில்லை. ஷ்லாட்டர் பாவம், இன்னொருவருக்கு எதிர்ப்பாட்டுப் பாட அழைக்கப்பட்டவர் என்ற பட்டத்தோடு ஐந்தாண்டுகள் இருந்துவிட்டு 1898இல் டூபிங்கனுக்குப் போய்விட்டார். இருவரும் மரியாதையோடுதான் பழகினார்கள். 'எனக்கும் ஷ்லாட்டருக்கும் இடையில் நிற்பது அற்புதம் பற்றிய கேள்வி மட்டுமே' என்று ஹார்னாக் சொல்ல, 'இல்லை, கடவுள் பற்றிய கேள்வி' என்று ஷ்லாட்டர் திருத்தியதாக ஒரு கதை உண்டு.

இருக்கையிலிருந்து அரியணை வரை

பெர்லினுக்கு வந்த பிறகு ஹார்னாக்கின் ஏற்றம் நிற்கவில்லை. 1890இல் பிரஷ்ய அறிவியல் கழகத்தில் உறுப்பினர். முதல் மூன்று நூற்றாண்டுகளின் கிரேக்கக் கிறிஸ்தவ எழுத்தாளர்களைச் செம்பதிப்பாக வெளியிடும் பெருந்திட்டத்தைத் தொடங்கினார். தமிழில் சுவடிப் பதிப்பு வேலை பார்த்தவர்களுக்கு அதன் பாரம் புரியும். 1899-1900 குளிர்காலப் பருவத்தில் கிறித்தவத்தின் சாரம் என்ன என்று 16 விரிவுரைகள். எல்லாப் புலங்களிலிருந்தும் சுமார் 600 மாணவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவர் குறிப்பில்லாமல் பேசினார்; ஒரு மாணவர் சுருக்கெழுத்தில் எடுத்ததால்தான் அது நூலானது. 1905இல் அரச நூலகத்தின் தலைமை இயக்குநர். 1911இல், இயற்பியலும் வேதியியலும் நடத்த உருவான கைசர் வில்ஹெல்ம் சங்கத்துக்கு முதல் தலைவர். இன்று அதன் வாரிசு மாக்ஸ் பிளாங்க் சங்கம். திருச்சபைத் தேர்வில் வினாத்தாள் திருத்தத் தகுதியில்லாதவர் நாட்டின் அறிவியலுக்குத் தலைமை தாங்கினார்.

1914 ஆகஸ்டில் போர் தொடங்கியபோது சக்கரவர்த்தி மக்களுக்கு விடுத்த அறைகூவலின் வரைவை எழுதியது ஹார்னாக். அக்டோபரில் 93 அறிவாளிகள் ஜெர்மனியின் போரை நியாயப்படுத்திக் கையெழுத்திட்ட அறிக்கையிலும் அவர் பெயர். பெர்லினில் அவரிடம் பயின்ற கார்ல் பார்த், அந்தப் பெயர்களைப் பார்த்ததும் தன் ஆசிரியர்களின் இறையியல் மீது வைத்திருந்த நம்பிக்கையை இழந்ததாகப் பின்னாளில் எழுதினார். எந்தக் கை இருக்கையைக் கொடுத்ததோ அந்தக் கைக்கு இருபத்தாறு ஆண்டுகள் கழித்து எழுதிக்கொடுத்தார் என்று சொன்னால் அது கொஞ்சம் கொடுமையாக இருக்கும். ஆனால் முழுக்கப் பொய்யாகாது.

அரசு தன்னைக் காப்பாற்றியதால்தானோ என்னவோ, இறையியல் புலத்தைக் கலைக்கச் சொன்னவர்களுக்கும் அவர் உறுதியாக மறுப்புச் சொன்னார். பல்கலைக்கழகத் தலைவராக 1901 ஆகஸ்டு 3 அன்று ஆற்றிய உரையில், இறையியல் புலத்தைப் பொதுச் சமய வரலாற்றுப் புலமாக மாற்றக் கூடாது என்றார். ஒரு சமயத்தை மட்டும் அறிந்தவர் எதையும் அறியாதவர் என்று மாக்ஸ் முல்லர் சொன்னதைத் திருப்பிப் போட்டு, இந்தச் சமயத்தை அறியாதவர் எதையும் அறியாதவர், இதை அதன் வரலாற்றோடு அறிந்தவர் எல்லாவற்றையும் அறிந்தவர் என்றார். சுவிட்சர்லாந்தின் பாசெலில் இருந்த ஃப்ரான்ஸ் ஓவர்பெக் இதைப் படித்துப் பல்லைக் கடித்திருப்பார். நீட்சேயின் நண்பர், 1870 முதல் 1897வரை புதிய ஏற்பாட்டுக்கும் ஆதித் திருச்சபை வரலாற்றுக்கும் பேராசிரியர். தனக்கு விசுவாசம் இல்லை என்பதை உள்ளுக்குள் ஒப்புக்கொண்டு, இறையியலே கிறித்தவத்துக்குத் துரோகம் என்று நினைத்தவர். திருச்சபை வரலாற்றை எந்தச் சமயச் சார்பும் இல்லாமல் எழுத வேண்டும் என்பது அவர் கட்சி. ஹார்னாக்கை அவர் வெறுத்தது, பழமைவாதிகள் வெறுத்ததைவிட ஆழமானது.

முடியாட்சி 1918இல் விழுந்தது. அரசரே திருச்சபைத் தலைவர் என்ற ஏற்பாடும் அதோடு போனது. திருச்சபையும் அரசும் பிரிந்தன என்றால் அரசுச் சம்பளத்தில் இறையியல் பேராசிரியர் எதற்கு? இயல்பான கேள்வி. ஆனால் 1919 வைமார் அரசியலமைப்பின் 149ஆம் பிரிவு, பல்கலைக்கழக இறையியல் புலங்கள் தொடரும் என்று உறுதி கொடுத்தது. வைமாரில் அரசுக்கு ஆலோசனை சொன்னவர்களில் ஹார்னாக்கும் ஒருவர்.

கேட்டிங்கன், 1998

ஹார்னாக் 1930 ஜூன் 10 அன்று இறந்தார். இரங்கல் கூட்டத்தில் மாணவர்கள் சார்பில் பேசிய இளைஞர் டீட்ரிஷ் போன்ஹோஃபர். மன்றமும் அமைச்சகமும் இல்லாமல் போய்விட்டன. 1888இன் தீர்வு மட்டும் போகவில்லை.

கேட்டிங்கன் பல்கலைக்கழகத்தின் புதிய ஏற்பாட்டுப் பேராசிரியர் கெர்ட் லூடெமன், இயேசு உயிர்த்தெழவில்லை என்று பல ஆண்டுகள் எழுதிவந்து, 1998இல் தான் இனிக் கிறிஸ்தவன் இல்லை என்று வெளிப்படையாக அறிவித்தார். திருச்சபைகள் அவரை இறையியல் புலத்திலிருந்து அகற்றச் சொல்லின. பல்கலைக்கழகம் அவரை வேலையைவிட்டு நீக்கவில்லை. சம்பளம் அப்படியே, பேராசிரியர் பட்டம் அப்படியே. இருக்கையின் பெயரை மட்டும் 'ஆதிக் கிறித்தவத்தின் வரலாறும் இலக்கியமும்' என்று மாற்றி, போதகர் பயிற்சிக்கான படிப்புக்கு வெளியே தள்ளியது. அவர் வழக்குத் தொடுத்தார். கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் 2008 அக்டோபர் 28 அன்று அவருடைய முறையீட்டைத் தள்ளிவிட்டது. பேராசிரியரின் ஆய்வுச் சுதந்திரம் உண்மைதான். ஆனால் இறையியல் புலம் என்பது ஒரு திருச்சபையின் கொள்கை சார்ந்த இடம், அங்கே யார் கற்பிப்பது என்பதில் திருச்சபையின் தன்னுரிமைக்கும் இடம் உண்டு என்றது தீர்ப்பு.

இரு வழக்குகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஆட்களில் ஒற்றுமையே இல்லை. ஹார்னாக் தன்னைக் கிறிஸ்தவன் என்றார், திருச்சபை நம்பவில்லை. லூடெமன் தான் கிறிஸ்தவன் இல்லை என்றார், திருச்சபை உடனே நம்பியது. ஒருவரைக் காத்தது அரசர், மற்றவரைக் கைவிட்டது குடியரசின் நீதிமன்றம். ஆனாலும் இருவரும் வந்து நின்ற இடம் ஒன்று: வகுப்பறை உண்டு, தேர்வறை இல்லை. ஆளின் விசுவாசத்தை அளப்பது யாருக்கும் இயலவில்லை. வகுப்பறைக்கும் பிரசங்க மேடைக்கும் நடுவில் ஒரு கதவு இருக்கிறது, அதன் சாவி யாரிடம் என்பதை மட்டும்தான் இரண்டு முறையும் முடிவுசெய்தார்கள்.

லூடெமனுக்குப் புதிதாகச் சூட்டப்பட்ட இருக்கைப் பெயரை ஹார்னாக் பார்த்திருந்தால் தன் பாடம்தானே இது என்றிருப்பார். ஓய்வு பெறும்வரை லூடெமன் அந்தப் பெயரிலேயே பாடம் நடத்தினார்.